அது மலையில்லை, மேடு

போன சனிக்கிழமை மதியம், ஒரு பனிச்சரிவின் உச்சியில் என்னைத் தங்க நிறத் தாளில் சுற்றி, ஒரு சறுக்கு வண்டியில் மல்லாக்கப் படுக்கவைத்து, பட்டி போட்டுக் கட்டிக் கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

பதறாதீர்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு சுளுக்குக்கூட இல்லை. அதுதான் பிரச்சினையே... ஒரு விரலாவது முறிந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

ஆனால் மனம் இன்னும் நடுங்குகிறது. தோடம்பழ நிறத்தில், அதாவது ஆரஞ்சு நிறத்தில், எதைக் கண்டாலும் நெஞ்சு திடுக்கிடுகிறது. நேற்றுக் கடையில் உண்மையான தோடம்பழக் குவியலைக் கண்டு இரண்டடி பின்வாங்கினேன் என்றால் பாருங்கள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். மகள் நீச்சல் பழகிய நாட்களில் குளக்கரையில் அவளோடு சேர்ந்து நடந்து நடந்து, கடைசியில் பயிற்றுநர் என்னை வெளியே அனுப்பிய கதையை இங்கேதான் எழுதினேன். என் வேலை அப்படி. தொழிற்சாலையில் நான் பாதுகாப்புப் பொறுப்பாளன். தரையில் ஈரம் கண்டால் மஞ்சள் பலகை வைப்பவன். இதுவரை யாரும் விழாத இடத்தில் இனி எப்படி விழுவார்கள் என்று யோசிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அந்த மூளையை மாலையில் கழற்றி லாக்கரில் பூட்டிவிட்டு வர முடியுமா?

முடியும் என்கிறாள் மனைவி மாலினி. அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. தினமும் யாராவது விழுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பயம் விட்டுப்போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். மகள் ஆரணிக்குப் பதினான்கு வயது. அவளுடைய வகுப்பு மார்ச்சில் ஒரு வாரம் ஆல்ப்ஸ் மலைக்கு ஸ்கீ ஓடப் போகிறது. ஜெர்மனியில் இது சாதாரணம். கணிதம் படிப்பிப்பார்கள், உயிரியல் படிப்பிப்பார்கள், பிறகு பிள்ளைகளின் காலில் இரண்டு வழுக்கும் பலகைகளைக் கட்டி மலையுச்சியில் கொண்டுபோய் விடுவார்கள். போக விரும்பாத பிள்ளைகள் அந்த வாரம் வேறு வகுப்பில் இருந்து படிக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். நான் அந்த ஒரு வசனத்தைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆரணிக்கு ஸ்கீ ஓடத் தெரியும். அவளுடைய சிநேகிதியின் குடும்பத்தோடு, ரூர் பக்கம் நிலக்கரிக் கழிவு மேட்டின்மேல் கட்டியிருக்கும் பனி மண்டபத்துக்குப் பலமுறை போய்ப் பழகியிருக்கிறாள். ஆனால் அது கூரைக்குள். கூரைக்குள் நடந்தால் விளையாட்டு. வானத்தின் கீழே நடந்தால் விபத்து. என் கணக்கு அது.

வீட்டில் இரண்டு கிழமை ஒரே வாக்குவாதம். கடைசியில் மாலினி தீர்ப்புச் சொன்னாள்.

"நீங்களே ஒரு இடத்தைத் தெரிவுசெய்யுங்கோ. ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், அவள் ஓடுறதைக் கண்ணாலை பாருங்கோ. பார்த்திட்டும் ஏலாது எண்டால், நானும் ஏலாது எண்டு சொல்லுறன். பேந்து அவள் கேக்கமாட்டாள்."

ஆரணி என்னைப் பார்த்தாள். கேட்கமாட்டேன் என்று தலையாட்டினாள். வகுப்பாசிரியைக்கு இன்னும் இரண்டு கிழமையில், ஒரு திங்கட்கிழமை, பதில் சொல்ல வேண்டும்.

நல்லது. இடம் எங்கே?

எங்கள் ஹம் நகரத்திலும் கெல்சென்கிர்ச்சன் வரைக்கும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஸ்கீ ஓடுகிற தமிழர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். பெயர் 'பனிச் சொந்தங்கள்'. எனக்கு ஸ்கீ ஓடத் தெரியாது. யார் யார் எங்கே விழுந்தார்கள் என்று அறிந்து வைத்திருக்கத்தான் அதில் சேர்ந்தேன். அங்கே கேட்டேன் — பிள்ளையை முதன்முதலில் கூட்டிப்போக, பயமில்லாத ஒரு இடம் சொல்லுங்கள்.

கேட்டிருக்கக் கூடாது.

பேக்கரியில் வேலை செய்யும் ஸ்டெல்லா அக்கா உடனே பதில் போட்டார். மன்னார்க்காரி. இரண்டு பிள்ளைகளையும் தானே ஸ்கீ பழக்கியவர். சவர்லாண்ட் மலைப்பக்கம், பெரிய பெயர்பெற்ற இடங்களைத் தாண்டி, ஒரு கிராமத்தின் பின்னால் சின்ன மலை ஒன்று இருக்கிறதாம். ஒரே ஒரு சரிவு. ஒரே ஒரு லிஃப்ட். ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துகிறார்களாம். பனி விழுந்தால் திறப்பார்கள், விழாவிட்டால் மாடு மேயும்.

அதற்குப் பதில் வந்தது குணா அண்ணையிடமிருந்து. கெல்சென்கிர்ச்சனில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். எங்கள் ஆட்களில் முதன்முதலில் ஸ்கீ ஓடியவர் என்று பெயர். வருடா வருடம் ஆல்ப்ஸ் உச்சியில் கறுப்புக் கண்ணாடியோடு நிற்கும் படம் போடுவார். குழுவில் அவர் சொன்னால் முடிந்தது.

"அது மலையில்லை தம்பி, மேடு," என்று குரல்பதிவு போட்டார். "மேலை நிண்டு ஒரு தும்மல் தும்மினால் கீழை வந்து நிப்பியள். ஸ்கீ எண்டால் பெரிய இடத்துக்குப் போகோணும்."

அதோடு பிடித்தது சண்டை. பெரிய இடமா, சின்ன இடமா? ஒரு கிழமை ஓடியது. பெரிய இடத்தில் சரிவு நீளம், பனியை இயந்திரம் போட்டு மெழுகியதுபோல் வைத்திருப்பார்கள், லிஃப்டில் இருக்கைகூடச் சூடாக இருக்கும் என்றார் குணா அண்ணை. குண்டி சூடாகத்தான் வேண்டுமென்றால் வீட்டு ஹீட்டரில் ஏறி இருங்கோ என்று ஸ்டெல்லா அக்கா எழுதினார். சின்ன இடத்தில் வரிசை இல்லை, லிஃப்டுக்குப் பக்கத்திலேயே கார் விடலாம், ஊர்ப் பெண்கள் காய்ச்சும் பட்டாணி சூப் இருக்கிறது, பிள்ளைக்குக் கை விறைத்தால் அடுத்த நிமிடமே குடிலுக்குள் கொண்டுபோகலாம் என்று அடுக்கினார். ஹனோவருக்கு வீடு மாறியும் குழுவை விடாத ஒருவர், உண்மையான ஸ்கீக்காரனுக்குச் சின்ன மலைதான் பரீட்சை என்றார். ஏன் என்று சொல்லவில்லை. நடுவே ஒருவர் காலை வணக்கம் சொல்லித் தாமரைப்பூப் படம் போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு நீளமும் வேண்டாம், சூடான இருக்கையும் வேண்டாம். ஸ்டெல்லா அக்கா கடைசியாகச் சொன்ன ஒரு வசனம்தான் என்னை வீழ்த்தியது.

"கீழை நிண்டு பார்த்தால் முழுச் சரிவும் தெரியும். உச்சியிலை நிக்கிற பிள்ளைக்கு மூக்கு ஒழுகினாலும் தெரியும்."

ஒரு தகப்பனுக்கு வேறென்ன வேண்டும்? குணா அண்ணை மட்டும் விடவில்லை. தனியாகவே கூப்பிட்டு, அங்கே போய் நாளை வீணாக்காதே என்று அரைமணி நேரம் புத்தி சொன்னார். என்னில் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன்.

இப்போது அந்த ஜாக்கெட்.

ஜனவரி பிறந்ததும் இங்குள்ள மலிவுக்கடைகளில் ஸ்கீ உடுப்புப் போடுவார்கள். எங்கள் பக்கத்துக் கடையில் தோடம்பழ நிறத்தில் ஒரு ஜாக்கெட் தொங்கியது. சாதாரண நிறமில்லை. வீதி திருத்துபவர்கள் கண்டால் பொறாமைப்படுவார்கள். பனிப்புயல் அடித்தாலும் பிள்ளை தெரிவாள் என்று ஆரணிக்கு ஒன்று எடுத்தேன். எடுத்தவன் சும்மா இருந்தேனா? நல்ல பொருள் கண்டால் நாலு பேருக்குச் சொல்லாமல் எங்கள் ஆட்களுக்குத் தூக்கம் வராதே. படம் எடுத்துக் குழுவில் போட்டேன்.

பத்து நிமிடத்தில் தொலைபேசி சூடாகிவிட்டது. தம்பி எனக்கு ஒண்டு எடுங்கோ. என்ரை மகனுக்கு ஒரு சைஸ் பெரிசா. அக்காவின்ரை பிள்ளையளுக்கும் சேர்த்து. நான் கடைக்குள் ஓடி ஓடிக் கூடையில் போட்டேன். குணா அண்ணையின் மனைவிகூட ஒன்று கேட்டார், பெரிய சைஸில். கடையில் தொங்கியதில் ஒன்றிரண்டு தவிர எல்லாம் எங்களிடம் வந்து சேர்ந்தன. மிஞ்சியதை வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் கிழமை நல்ல பனி விழுந்தது. சனிக்கிழமை விடியவே புறப்பட்டோம். மாலினிக்கு வேலை. முதலுதவிப் பை, விசில், இஞ்சித் தேநீர் நிரப்பிய சுடுதண்ணிப் போத்தல் எல்லாம் எடுத்துக்கொண்டேன். ஆரணி காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, என்னையும் அந்த விசிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, அதை ஊதினால் நான் திரும்பி வரமாட்டன். சரியோ? பைன்லிஷ்."

வெட்கக்கேடு என்பதற்கு ஜெர்மனியில் பிறந்த நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த சொல் அது. தமிழில் எத்தனையோ இருக்க, இதைத்தான் பாவிப்பார்கள்.

இடத்தைக் கண்டதும் எனக்கு நிம்மதி. ஒரு வெள்ளைச் சரிவு, இரண்டு பக்கமும் தேவதாரு மரங்கள், கீழே ஒரு மரக்குடில். அவ்வளவுதான். லிஃப்ட் என்பது மேலே கம்பியில் ஓடும் கட்டை. நங்கூரம் மாதிரித் தொங்கும். அதைப் பின்பக்கத்தில் கொடுத்துக்கொண்டு நின்றால், நின்றபடியே மேலே இழுத்துக்கொண்டு போகும்.

"அப்பா, இவ்வளவுதானோ?" என்றாள் ஆரணி.

இவ்வளவுதான் பிள்ளை, இவ்வளவுதான் எனக்கும் தாங்கும் என்று மனதுக்குள் சொன்னேன். அவள் ஜாக்கெட்டைப் பூட்டி, தலைக்கவசமும் கண்ணாடியும் மாட்டி, லிஃப்டைப் பிடித்தாள். நான் கீழே கால் அகட்டி, நிலத்தில் வேர்விட்டவன்போல நின்றுகொண்டேன்.

உச்சியில் ஒரு தோடம்பழ நிறப் புள்ளி தோன்றியது. கையசைத்தேன். அதுவும் கையசைத்தது. ஆகா, என்ன தெளிவு!

பிறகு இன்னொரு புள்ளி தோன்றியது.

அது கையசைத்தது. பிறகு இன்னொன்று. பக்கத்தில் வந்து நின்ற ஸ்டெல்லா அக்கா, தன் பிள்ளைகள் இருவரும் மேலே போய்விட்டார்கள் என்றார். அவரும் அதே நிறம். குழுவில் இருந்து வேறு இரண்டு குடும்பங்கள் வந்திருந்தன. எல்லோரும் அதே நிறம். ஒரு புள்ளி சறுக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நிற்க, ஓடிப்போய்த் தேநீரை நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றியது ஒரு ஜெர்மன்காரப் பெடியன். கடையில் மிஞ்சியது யாரிடம் போனது என்று அப்போதுதான் தெரிந்தது. நல்ல பிள்ளை, தேநீரைக் குடித்துவிட்டு நன்றி சொன்னான்.

யோசித்துப் பாருங்கள். அத்தனை பேருக்கும் தலைக்கவசம். அத்தனை பேருக்கும் கண்ணாடி. வெள்ளைச் சரிவெங்கும் தோடம்பழம் கொட்டியதுபோல உருண்டு வருகிறார்கள். இந்தத் தோட்டத்தை நட்டவன் நான். இதில் எது என் பழம்?

காலை முழுக்க நான் மேலும் கீழும் எண்ணிக்கொண்டே இருந்தேன். மேலே போனவர்களைக் கூட்டுவேன், கீழே வந்தவர்களைக் கழிப்பேன், குடிலுக்குள் போனவர்களை மறந்துவிட்டு மறுபடி தொடங்குவேன். ஸ்டெல்லா அக்கா ஏதோ பேசினார். என்ன பேசினார் என்று இன்றுவரை தெரியாது.

மதியம் அளவில்தான் அது நடந்தது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மர ஓரமாக, ஒரு தோடம்பழ நிறம் சட்டென்று சரிந்தது. எழும்பவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தலை மட்டும் ஒருமுறை தெரிந்தது. பிறகு அதுவும் கீழே போய்விட்டது.

அதற்குப் பிறகு என் மூளை வேலை செய்யவில்லை. ஸ்கீச் சரிவில் நடந்து ஏறக் கூடாது என்று கீழே பெரிய பலகை இருக்கிறது. அதை நான்தான் காலையில் வந்ததும் வாசித்து, நல்ல பலகை என்று பாராட்டியிருந்தேன். அதைத் தாண்டிக்கொண்டு ஓடினேன். காலில் சாதாரணச் சப்பாத்து. இரண்டு அடி ஏறினால் ஒரு அடி வழுக்கியது. குல்லாவைக் காது மூட இழுத்திருந்ததால் யார் கூப்பிட்டதும் கேட்கவில்லை. கடைசியில் நாலு காலில் தவழ்ந்தேன். நான் தவழத் தொடங்கியதும் லிஃப்டை நிறுத்திவிட்டார்களாம். கம்பி நெடுக அத்தனை பேரும் கட்டையைப் பின்னால் கொடுத்தபடி நின்று என்னை வேடிக்கை பார்த்தார்களாம். பிறகு கேள்விப்பட்டேன்.

மர ஓரத்தில் பனி குவிந்துகிடந்தது. அதன் பின்னால் அந்த ஜாக்கெட் குந்தியிருந்தது. நான் போய் விழுந்து தோளைப் பிடித்தேன்.

"தம்பி, சத்தம் போடாதையுங்கோ," என்றது ஜாக்கெட். "குனியுங்கோ. ஸ்டெல்லா கண்டிடுவா."

கண்ணாடியை இறக்கியது. குணா அண்ணை.

காலா, இடுப்பா, எங்கே அடி என்று கேட்டேன்.

"அடியுமில்லை, ஒண்டுமில்லை. நான் இங்கை வரேல்லை. விளங்குதோ? நீங்கள் எல்லாரும் எப்ப வீட்டை போவியள்?"

மெல்ல மெல்ல விளங்கியது. அந்த மனிதர் விழவே இல்லை. மறு பக்கத்துக் காட்டுப் பாதையால் மேலே வந்திருக்கிறார். சரிவில் இறங்கத் தொடங்கும்போது, கீழே நானும் ஸ்டெல்லா அக்காவும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டுவிட்டார். கால் பலகைகளோடு திரும்பி மேலே ஏற முடியாது, இறங்க ஒரே வழி. அந்த வழி முழுவதும் கீழிருந்து தெரியும். ஊர் முழுக்க மேடு மேடு என்று சொன்ன மனிதர் மேட்டில் ஓடுவதைக் குழு கண்டால் என்னாவது? ஆளை மறைக்க மனைவியின் மலிவு ஜாக்கெட் வேறு. எனவே நாங்கள் போகும்வரை பனிக்குள் குந்தியிருப்பது என்று முடிவெடுத்திருக்கிறார்.

அப்படியென்றால் ஆரணி எங்கே? திரும்பிப் பார்த்தேன். நின்றுபோன லிஃப்டில், பாதி வழியில், கட்டையில் சாய்ந்தபடி ஒரு உருவம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையை வைத்து அடையாளம் கண்டேன். என் பிள்ளைதான்.

உயிர் திரும்பி வந்தது. வந்த உயிரோடு கீழே பார்த்தேன்.

நண்பர்களே, ஒரு உண்மை சொல்கிறேன். கீழே நின்று பார்த்தால்தான் அது மேடு. மேலே நின்று பார்த்தால் மலை. குடில் தீப்பெட்டி அளவில் இருந்தது. எனக்கும் அதற்கும் நடுவே நிலமே இல்லாததுபோல் இருந்தது. உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் ஒரு மரக்கிளையைப் பிடித்தேன். மற்றக் கையால் குணா அண்ணையின் கையைப் பிடித்தேன். அண்ணை, என்னை விட்டிட்டுப் போகாதையுங்கோ என்று சொன்னேன். அவர் முகத்தில் நான் கண்ட வேதனையை அவர் மனைவிகூடக் கண்டிருக்கமாட்டார்.

மீட்புத் தொண்டர்கள் இருவர் வந்தார்கள். ஒரு பெரியவர், ஒரு இளம் பெண். அந்தச் சறுக்கு வண்டிக்கு இந்தப் பருவத்தில் இதுவரை வேலையே வரவில்லையாம். உற்சாகமாக இருந்தார்கள். எங்கே வலிக்கிறது என்று அந்தப் பெண் கேட்டாள். என் மகள் மார்ச்சில் ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறாள் என்று சொன்னேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு குளிர் ஏறாமல் சுற்றும் அந்தத் தங்க நிறத் தாளை எடுத்து விரித்தாள்.

இப்படித்தான் இறங்கினேன். வானத்தைப் பார்த்தபடி, மினுமினுத்துக்கொண்டு. பக்கத்தில் குணா அண்ணை, முகத்தை மூட வழியில்லாமல், என் கையைப் பிடித்தபடி சறுக்கிக்கொண்டு வந்தார். லிஃப்டில் நின்றவர்கள் கை தட்டினார்கள். கீழே ஸ்டெல்லா அக்கா எங்களுக்காகக் காத்து நின்றார். வண்டியில் கிடந்த என்னைப் பார்க்கவே இல்லை.

"என்ன அண்ணை, மேட்டுப் பக்கம்?" என்றார்.

குணா அண்ணை தும்மினார். குளிரில் அவ்வளவு நேரம் இருந்தால் தும்மல் வராதா?

குடிலுக்குள் போனோம். எல்லாவற்றையும் விட மோசமானது அங்கேதான் காத்திருந்தது — குணா அண்ணைக்கு. அடுப்படியில் நின்ற ஊர்க்கார அம்மா அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் கேட்காமலே ஒரு கோப்பை பட்டாணி சூப் கொண்டுவந்து வைத்தார். வழக்கம்போல சொசேஜ் இல்லாமல், உறைப்புத் தூள் தூவி. அந்த உறைப்புத் தூள் டப்பா குணா அண்ணையின் கடையில் இருந்து வந்தது. தமிழில் எழுதியிருந்தது.

எத்தனை வருடமாக இங்கே வருகிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. டப்பா பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

ஆல்ப்ஸ் மலைக்குக் கடைசியாக எப்போது போனீர்கள் என்று ஸ்டெல்லா அக்கா கேட்டார். குணா அண்ணை சூப்பைக் கலக்கினார். முழங்கால் விடுவதில்லை என்றார். அந்தப் படங்கள் எல்லாம் பழசு என்றார். அதன்பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நல்ல இடம் எண்டு நான் ஒருக்காச் சொன்னால் காணும். அடுத்த சனிக்கிழமை நோர்வேயிலை இருந்தும் சனம் வந்து இறங்கும், இடியப்பப் பார்சலோடை. பேந்து நான் லிஃப்டுக்கு வரிசையிலை நிக்கோணும். அதுதான் மேடு எண்டு சொல்லி வைச்சனான்."

என்னில் இருந்த அக்கறைக்கு இப்போது பொருள் விளங்கியது. கோபப்படவும் முடியவில்லை. நல்லதைக் கண்டு மூடி வைத்தவர் அவர். நல்லதைக் கண்டு கடையையே காலி செய்தவன் நான். யாரால் கூடுதலான சேதம்?

ஆரணி உள்ளே வந்தாள். எனக்கு எதிரே இருந்தாள். நான் இன்னும் தங்கத் தாளில்தான். பைன்லிஷ் என்று சொல்வாள், கத்துவாள், இனி என்னோடு எங்கும் வரமாட்டேன் என்பாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நல்லாயிருக்கும்.

"அப்பா, நான் இண்டைக்கு ஒருக்காலும் விழேல்லை," என்றாள். "நீங்கள் பார்த்தனீங்களோ?"

ஓம் என்று சொல்ல வரவில்லை.

நான் பார்க்கவில்லை. காலையில் இருந்து கண் வெட்டாமல் நின்றேன்... ஒரு நிறத்தை எண்ணினேன். அவள் எப்படித் திரும்புகிறாள், எப்படி நிற்கிறாள், ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கென்றே வந்தவன். பார்த்துவிட்டு முடிவு சொல்ல வேண்டியவன்.

ஆரணி விளங்கிக்கொண்டாள். எழும்பி, அந்த ஜாக்கெட்டைக் கழற்றி என் மடியில் போட்டாள். உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டை.

"இப்ப வந்து பாருங்கோ. இந்தக் கலரிலை வேறை ஒருத்தரும் இல்லை."

குளிருமே பிள்ளை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். சத்தியமாக, அன்று நான் செய்த ஒரே வீரச்செயல் அதுதான்.

வெளியே போய் நின்றேன். உச்சியில் கத்தரிப்பூ நிறம் தோன்றியது. கையசைக்கவில்லை. இறங்கத் தொடங்கியது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இடது பக்கம் ஒரு நீண்ட வளைவு, வலது பக்கம் ஒரு நீண்ட வளைவு. வீட்டில் நடக்கும்போது கதவு நிலையில் இடித்துக்கொள்கிற பிள்ளை. சாப்பாட்டு மேசையில் தண்ணீர்க் கோப்பையைத் தட்டிவிடாத நாளில்லை. அவளா இது? பாதி வழியில் ஒரு சின்னப் பெடியன் குறுக்கே விழுந்தான். நான் கண்ணை மூடப் போனேன், மூடவில்லை. அவள் அவனைச் சுற்றிக்கொண்டு திரும்பி, நின்று, அவன் எழும்பும்வரை பார்த்துவிட்டு மறுபடி இறங்கினாள். என் முன்னால் வந்து பக்கவாட்டில் திரும்பி நின்றபோது பனி என் சப்பாத்தில் தெறித்தது.

"இப்ப பார்த்தனீங்களோ?"

"ஓம்," என்றேன். "இன்னொருக்கா ஓடு."

லிஃப்டை நிறுத்தும்வரை ஓடினாள். நானும் நின்று பார்த்தேன். குளிரில் விறைத்துப்போனது நான்தான். அவளுடைய ஜாக்கெட்டை என் தோளில் போர்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மாலினி கதவடியில் சிரித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் பெருந்தெரு ஏறுவதற்கு முன்பே ஸ்டெல்லா அக்கா கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். லிஃப்டில் நின்ற யாரோ எடுத்த வீடியோவும் வந்திருந்தது. முதியோர் இல்லத்தில் அவளுடைய ஆட்கள் அதை இரண்டாம் முறையும் போடச் சொன்னார்களாம். எங்களுக்கே இப்படி இறங்க ஆசை என்று ஒரு பாட்டி சொன்னாராம்.

திங்கட்கிழமை காலை ஆசிரியைக்கு நானே தொலைபேசியில் சம்மதம் சொன்னேன். துணைக்குப் பெற்றோர் யாராவது வர விரும்பினால் இன்னும் இடம் இருக்கிறது என்றார். பக்கத்தில் நின்ற ஆரணியின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அந்த வாரம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பொய்தான். மார்ச்சில் அந்த வாரத்தை எப்படிக் கழிப்பேன் என்று தெரியவில்லை. அலமாரியைத் துப்புரவாக்குவேன். தொலைபேசியைத் துடைப்பேன். மாலினி பொறுத்துக்கொள்வாள்.

அன்று மாலை குழுவில் ஒருவர் கேட்டிருந்தார் — அந்தச் சின்ன மலைக்குப் போனீர்களே, எப்படி இருந்தது? எல்லோரும் குடும்பத்தோடு வரலாமா?

குணா அண்ணை உடனே பதில் போட்டார். அனுபவத்தில் சொல்கிறேன், அது மலையில்லை, மேடு. ஸ்டெல்லா அக்கா அதற்குக் கீழே, சூப்பும் வாயில் வைக்க ஏலாது என்று எழுதினார். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, கார் விடவும் இடமில்லை என்று சேர்த்தேன்.

ஆகவே வாசகர்களே, அந்த மலையின் பெயரைக் கேட்டு எனக்கு எழுத வேண்டாம். மேட்டுக்கு எதற்குப் பெயர்?